40 டாலருக்கு விற்ற எல்பி: மிச்சம் எங்கே போனது?

கேள்வி: மூர் மார்க்கெட்டில் 1,100 ரூபாய்க்கு வாங்கிய இளையராஜா எல்பி (பெரிய கிராமபோன் தட்டு) ஒன்றைப் பழைய ரெக்கார்டு விற்கும் இணையதளமான டிஸ்காக்ஸில் 40 டாலருக்கு ஒரு ஜெர்மன்காரருக்கு விற்றேன். போஸ்டேஜ் 22 டாலரையும் அவரே கொடுத்தார். 2,500 ரூபாய் லாபம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். பாஸ்புக்கைப் பார்த்து உட்கார்ந்து கணக்குப் போட்டால் 1,400கூட நிற்கவில்லை. எங்கே தப்பு? விலையை ஏற்றுவதா, ஈபேக்கு மாறுவதா? அதோடு கட்டாக வாங்கியதில் 40 ஈபியும் (சிறிய தட்டு), கொஞ்சம் 78 தட்டும் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

பதில்: யாரும் உங்களை ஏமாற்றவில்லை. 40 டாலரை 90 ரூபாயால் பெருக்கினீர்கள், அசல் 1,100-ஐக் கழித்தீர்கள், 2,500 வந்தது. பழைய ரெக்கார்டு விற்க வரும் எல்லோரும் முதல் மாதம் போடும் கணக்கு இதுதான். நானும் போட்டவன். கமிஷன் எடுப்பவர்களுக்கு நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். வாங்குபவர் கையிலிருந்து கிளம்பிய மொத்தத் தொகைக்கு அவர்கள் சதவீதம் போடுகிறார்கள். உங்கள் விற்பனையில் அந்த மொத்தம் 40 டாலர் அல்ல, போஸ்டேஜும் சேர்ந்து 62 டாலர்.

டிஸ்காக்ஸ் 2023 மே மாதம்வரை 8 சதவீதம் எடுத்துக்கொண்டிருந்தது, அதுவும் தட்டின் விலைக்கு மட்டும். அந்த மாதம் அது 9 சதவீதமானது, போஸ்டேஜுக்கும் சேர்த்து. ஒரு சதவீதம்தானே என்று அப்போது பலர் விட்டுவிட்டார்கள். கடிக்கிற பல் அந்த ஒரு சதவீதத்தில் இல்லை, 'போஸ்டேஜுக்கும் சேர்த்து' என்பதில் இருக்கிறது. 62 டாலருக்கு 9 சதவீதம் 5.58 டாலர், அதாவது 502 ரூபாய். அடுத்தது பேபால், பணத்தை வாங்கித் தரும் சேவை. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு இங்கே அதன் வழக்கமான கட்டணம் 4.4 சதவீதம், அதற்கு மேல் ஒரு விற்பனைக்கு 30 சென்ட். இதுவும் 62 டாலருக்குத்தான். 3.03 டாலர், 273 ரூபாய்.

மூன்றாவது வெட்டு எந்த ரசீதிலும் கட்டணம் என்று எழுதியிருக்காது. டாலரை ரூபாயாக மாற்றும்போது பேபால் தன் சொந்த விலையைப் போடும். சந்தையில் 90 ரூபாய் ஓடும்போது உங்கள் கணக்கில் ஏறியது 86 ரூபாய் 50 காசு வீதம். இரண்டு கட்டணமும் போக மிஞ்சிய 53.39 டாலரில் டாலருக்கு மூன்றரை ரூபாய் போயிற்று, 187 ரூபாய். விலை ஏறட்டும் என்று டாலராகவே வைத்துக் காத்திருக்கவும் வழியில்லை. இந்தியக் கணக்குகளில் வந்த பணம் தானாகவே வங்கிக்குப் போய்விடும். கடைசியாக அட்டை, உள் உறை, பிளாஸ்டிக் மேலுறை, டேப் எல்லாம் 140 ரூபாய். நான்கையும் கூட்டுங்கள்: 1,102. நீங்கள் வீட்டில் சொன்ன 2,500-இல் இதைக் கழித்தால் 1,398. மொத்த வரவில் பார்த்தால் கட்டணங்கள் 17 சதவீதம்தான், நியாயம்போலக்கூடத் தோன்றும். நீங்கள் எதிர்பார்த்த லாபத்தில் பார்த்தால் பேக்கிங்கும் சேர்த்து 44 சதவீதம் போயிருக்கிறது.

போஸ்டேஜைத் தனியாகப் பாருங்கள். தபால் நிலையத்தில் 1,980 ரூபாய் கட்டினீர்கள், அதை அப்படியே 22 டாலராக வாங்கினீர்கள். கணக்கு நேர் என்று நினைத்திருப்பீர்கள். அந்த 22 டாலரிலும் 9 சதவீதம், 4.4 சதவீதம், பிறகு டாலர் மாற்று என்று மூன்று வெட்டும் விழுந்து கைக்கு வந்தது 1,648. தபால் செலவிலேயே 332 ரூபாய் நஷ்டம். 'போஸ்டேஜ் அசலுக்கு' என்று விளம்பரத்தில் நல்ல மனதோடு எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பார்சலுக்கும் இந்தத் தொகையைச் சொந்தப் பையிலிருந்து கட்டுகிறார்கள். நஷ்டமில்லாமல் இருக்க 26.50 டாலர் வாங்கவேண்டும். ஆனால் போஸ்டேஜ் அதிகமாகத் தெரிந்தால் வாங்குபவர் ஓடிவிடுவார். வித்தியாசத்தைத் தட்டின் விலையில் ஏற்றிவிட்டுப் போஸ்டேஜை அப்படியே விடுவது என் பழக்கம்.

இனிமேல் இவ்வளவு நீளமாகக் கணக்குப் போட வேண்டாம். இந்த விகிதங்கள் இருக்கும்வரை வாங்குபவர் தரும் ஒரு டாலரை 75 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், விற்பனை ஒன்றுக்கு 26 ரூபாய் (பேபாலின் அந்த 30 சென்ட்) கழியுங்கள். அவ்வளவுதான். டாலர் விலை மாறினால் 75-ஐயும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த 75-ஐ விற்ற பிறகு போட்டுப் பார்த்துப் பயனில்லை. வாங்கும் இடத்தில் போடவேண்டும். மூர் மார்க்கெட்டில் கடைக்காரர் கட்டைப் பிரித்து ஒரு எல்பியை எடுத்து நீட்டி, "எக்கோ கம்பெனி சார், இதெல்லாம் இப்ப கிடைக்காது, ஆயிரத்து இருநூறு" என்கிறார் என்று வையுங்கள். போனில் டிஸ்காக்ஸைத் திறந்து அதே தட்டு, அதே பதிப்பா என்று நடு லேபிளில் உள்ள எண்ணைப் பாருங்கள். யார் யார் என்ன விலை கேட்கிறார்கள் என்பதை விடுங்கள், ஆசைக்கு யாரும் எவ்வளவும் கேட்கலாம். விற்ற விலைகளின் நடுமதிப்பு என்று ஒன்று அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அது 30 டாலர் என்றால் போஸ்டேஜ் 22 சேர்த்து 52. எழுபத்தைந்தால் பெருக்கினால் 3,900, இருபத்தாறு போக 3,874. தபால் 1,980, பேக்கிங் 140 போனால் 1,754. ஆயிரம் ரூபாயாவது நிற்க வேண்டும் என்றால் அந்தத் தட்டுக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது 750. கடைக்காரர் 1,200-இலிருந்து இறங்கவில்லையா, கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். கேசட் வந்த பிறகு எண்பதுகளின் கடைசியில் வந்த எல்பிகள் குறைவு என்று அவர் சொல்வது உண்மைதான். அந்த உண்மைக்கான விலையை அவரே எடுத்துக்கொண்டால் உங்களுக்கு என்ன மிச்சம்?

விலையை ஏற்றலாமா என்று கேட்டீர்கள். நினைத்த 2,500 வேண்டுமென்றால் அந்த எல்பியை 55 டாலருக்குப் போட்டிருக்க வேண்டும். சந்தை 40 கொடுக்கிற தட்டு 55-இல் மாதக்கணக்கில் தூங்கும்.

ஈபேக்கு மாறினாலும் பெரிதாக எதுவும் மாறாது. உள்நாட்டு ஈபே 2018 ஆகஸ்ட் 14-ஆம் தேதியோடு மூடிவிட்டது, இப்போது இங்கிருந்து ஏற்றுமதிக்கு மட்டும் விற்கலாம். அமெரிக்கத் தளத்தில் 2025 பிப்ரவரி முதல் பெரும்பாலான பிரிவுகளுக்குப் பொதுக்கட்டணம் 13.6 சதவீதம், 10 டாலருக்கு மேற்பட்ட ஆர்டருக்கு 40 சென்ட். இசைப் பிரிவில் சிடி, கேசட்டுக்கு 15.3 சதவீதம், வினைலுக்கு மட்டும் 13.6. பணம் வாங்கித் தரும் கட்டணம் இதிலேயே அடக்கம். டிஸ்காக்ஸ் 9, பேபால் 4.4, கூட்டினால் 13.4. ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறோம். ஈபேயில் ஒரு கூடுதல் வில்லங்கம் உண்டு. அமெரிக்க வாங்குபவர் தன் மாநிலத்துக்குக் கட்டும் விற்பனை வரியையும் மொத்தத்தில் சேர்த்து அதற்கும் கமிஷன் போடுவார்கள். 62 டாலருக்கு 8 சதவீத வரி என்றால் கமிஷன் 9.11 டாலர், உண்மை விகிதம் 14.7 சதவீதம். நம் கண்ணிலேயே படாத பணத்துக்கு நாம் கமிஷன் கட்டுகிறோம். 'முன்னால் காட்டுகிறேன்' என்று அவர்கள் கேட்கும் விளம்பரக் கட்டணமும் இதே மொத்தத்துக்குத்தான். அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் 75 எத்தனையாகக் குறைகிறது என்று பாருங்கள்.

உண்மையில் நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது உள்ளூர் விலையோடு. ரெக்கார்டு சேகரிப்பவர்களின் வாட்ஸப் குழுக்களில் யுபிஐயில் விற்றால் கமிஷன் கிடையாது. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கு வியாபாரியிடம் வங்கிக் கட்டணமும் இல்லை. உள்ளூர் கூரியரை வாங்குபவர் கட்டினால் உங்கள் எல்பியை 2,638 ரூபாய்க்குக் கொடுத்தாலே அதே 1,398 நின்றிருக்கும். "3,600 ரூபாய்க்கு வெளிநாட்டில் போகிற தட்டு, 2,800 கேட்கிறானே" என்று நீங்கள் விரட்டுகிற ஆள் உண்மையில் அதிக லாபம் கொடுக்க வந்தவர். ஆனால் குழுவில் முன்பின் தெரியாதவர்களுக்கு, பணம் கணக்கில் வந்த பிறகுதான் பார்சலைக் கட்டவேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி அனுப்பக்கூடாது.

ஈபிக்கு வருவோம். ஒரு ஈபி 80 ரூபாய்க்கு வாங்கி 6 டாலருக்கு விற்கிறீர்கள், போஸ்டேஜ் 14 டாலர் என்று வைத்துக்கொண்டால் 460 ரூபாய் லாபம்போலத் தெரியும். 20 டாலரை 75-ஆல் பெருக்கி 26-ஐ எடுத்து, தபால் 1,260, பேக்கிங் 60, அசல் 80 எல்லாம் கழித்தால் நிற்பது 74 ரூபாய். அதற்காகத் தபால் நிலையம் போய் வரும் பெட்ரோலைக் கணக்கில் சேர்த்தால் நீங்கள்தான் அந்த ஜெர்மன்காரருக்குத் தானம் செய்கிறீர்கள். அதே ஈபி நான்கை ஒரே கட்டாக 24 டாலருக்குப் போடுங்கள். எடை கொஞ்சம்தான் கூடும், போஸ்டேஜ் 16 டாலர், பேக்கிங் 80 ரூபாய் என்று வையுங்கள். இப்போது 1,134 ரூபாய் நிற்கும், ஒன்றுக்கு 280-க்கு மேல். ஒரே இசையமைப்பாளர் அல்லது ஒரே நடிகர் என்று நான்கு நான்காகப் பிரித்துக் கட்டுங்கள், கலந்துகட்டிப் போட்டால் யாரும் தொடமாட்டார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய செலவு ஒன்று உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு எல்பியை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு விஜி பிளஸ் (விஜி, அதாவது 'மிக நல்லது' என்ற தரத்துக்கு ஒரு படி மேல்) என்று போட்டு அனுப்பினேன். வாங்கியவர் போட்டோ எடுத்து அனுப்பினார், இரண்டாம் பக்கம் முழுக்க மெல்லிய கீறல். டியூப்லைட்டில் அது தெரியவே தெரியாது. குண்டு பல்புக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் திருப்பினால்தான் தெரியும். விரல் நகத்தால் தடவி, தட்டுப்படுகிற கீறலா என்றும் பார்க்கவேண்டும். தட்டுப்பட்டால் ஊசியும் துள்ளும். 10 டாலர் திருப்பிக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்த தொகைக்காகப் பேபால் முதலில் எடுத்த கட்டணத்தைத் திரும்பத் தராது. உங்கள் 1,398 ரூபாய் லாபத்தில் இப்படி ஒரு 10 டாலர் போனால் ஐந்நூறு, அறுநூறுதான் மிஞ்சும். தரத்தை ஒரு படி குறைத்தே போடுங்கள். விஜி என்று வாங்கி விஜி பிளஸ் கண்டவர் மறுபடி உங்களிடமே வருவார். பேக் செய்யும்போது தட்டை அட்டைக் கவருக்குள்ளேயே விட்டு அனுப்பாதீர்கள். வழியில் பார்சல் எங்காவது இடிபட்டால் தட்டின் விளிம்பு கவரைக் கிழித்துக்கொண்டு வரும். தட்டை உள் உறையோடு வெளியே எடுத்துக் கவருக்குப் பின்னால் வைத்து மேலுறை போடுங்கள்.

ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து எவ்வளவு சின்னப் பார்சலுக்கும் வாங்குபவர் வாட் என்ற விற்பனை வரி கட்டவேண்டும். அமெரிக்காவும் 800 டாலருக்குள் வரியில்லை என்ற சலுகையை 2025 ஆகஸ்ட் 29-இல் நிறுத்திவிட்டது. வரி வரலாம் என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். கதவு வரை வந்த பார்சலை வேண்டாமென்று திருப்பினால் தபால் காசு முழுதும் உங்கள் தலையில். சுங்கப் படிவத்தில் 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லி வாங்குபவர் கேட்பார், இணங்காதீர்கள். கிராமபோன் ரெக்கார்டு என்று உள்ளபடி எழுதுங்கள். தொடர்ந்து விற்பதானால் 500 ரூபாய் கட்டி ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கிவிடுங்கள். டிஸ்காக்ஸ், பேபால் பட்டியல்களை மாதாமாதம் இறக்கி வைத்தால் வருமான வரிக் கணக்கில் கமிஷனையெல்லாம் செலவாகக் காட்டலாம்.

78 தட்டுகளை வெளிநாட்டுக்குப் போடாதீர்கள். அரக்கால் செய்த தட்டு, எடை அதிகம், கீழே விழுந்தால் அப்பளம். இந்தியாவில் பதிவு 1902-இலேயே தொடங்கிவிட்டதால் உங்கள் கட்டுக்குள் நூறு வயது தாண்டியவை இருக்கலாம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. லேபிளை நன்றாகப் போட்டோ எடுத்து உள்ளூர்க் குழுவில் காட்டுங்கள், நேரில் வந்து வாங்கிப் போகிறவருக்குக் கொடுங்கள்.