எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் தியேட்டர் காற்று சுத்தமாகுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் 20 படுக்கை மருத்துவமனை நடத்துகிறோம். ஆபரேஷன் தியேட்டர் 20 அடிக்கு 18 அடி, உயரம் 10 அடி. இரண்டு ஸ்பிளிட் ஏ.சி.யும் சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் இருக்கின்றன. நுரையீரல் காசநோய் உள்ளவருக்கு அவசர அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால், அந்த ஃபேனை ஓடவிட்டால் போதுமா? நிரந்தரமாக என்ன மாற்ற வேண்டும்?

பதில்: தியேட்டருக்குள் அந்த ஃபேனைப் போடவே வேண்டாம். நோயாளி இல்லாத நேரத்தில், ஆக்சிஜனை மூடிவிட்டு, ஃபேனை ஓடவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளியே நின்று கதவின் அடி இடுக்கில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை வளைந்து உள்ளே போவது கண்ணுக்கே தெரியும். அதே வழியில்தான் வராந்தாத் தூசியும் ஃபால்ஸ் சீலிங் மேலே கிடக்கும் அழுக்கும் வந்து திறந்த வயிற்றின் மேல் விழும். காசநோய்க் கிருமியை வெளியேற்றப் போய்ப் புண்ணில் சீழ் வைக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், உள்ளே இழுபடும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் வியர்த்துப் பூஞ்சையும் பிடிக்கும்.

தியேட்டரின் அழுத்தம் எப்போதும் வெளியைவிடக் கூடுதலாக, குறைந்தது 2.5 பாஸ்கலாவது (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும். காசநோயாளி மேசையில் இருந்தாலும் இதை மாற்றக் கூடாது. வெளியே கசியும் காற்றைப் பிடிக்க வேண்டிய இடம் வாசலுக்கு வெளியே உள்ள முன்னறை. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி அங்கே மாட்டுங்கள். தியேட்டரிலிருந்தும் வராந்தாவிலிருந்தும் முன்னறைக்குள் மட்டுமே காற்று வர வேண்டும். அதன் குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோய், ஜன்னல்களிலிருந்தும் காற்று எடுக்கும் வாயிலிருந்தும் 25 அடியாவது தள்ளி விடுங்கள். அந்த இடைவெளி கிடைக்காவிட்டால், கிருமியையும் பிடிக்கும் நுண்வடிகட்டியான ஹெப்பா ஃபில்டர் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும்.

ஸ்பிளிட் ஏ.சி. அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, புதுக்காற்றே வருவதில்லை. அதன் வலை தூசியைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது. அதற்குள் தண்ணீர் வடியும் டிரேயைக் கழற்றி விரலால் தடவினால் வழுவழுப்பாக ஒட்டுவது பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் வழிகாட்டுதல் ஸ்பிளிட் ஏ.சி.யைத் தியேட்டரில் ஏற்பதில்லை.

இவற்றுக்குப் பதிலாக ஏ.எச்.யு. (வெளிக்காற்றையும் சேர்த்து வடிகட்டிக் குளிர்வித்து அனுப்பும் இயந்திரம்) வரும்வரை: தள்ளிப்போடக்கூடிய அறுவையை நோயாளி மருந்து எடுத்துத் தொற்று அடங்கும்வரை தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் அன்றைய பட்டியலில் கடைசி கேஸாக வையுங்கள். மயக்க மருந்துக் குழாயில் நோயாளிக்கும் ஒய்-பீஸுக்கும் (இரு குழாய்கள் சேரும் Y வடிவ இணைப்பு) நடுவே பாக்டீரியா ஃபில்டர் கட்டாயம். எல்லோருக்கும் வால்வு இல்லாத என்-95. வால்வு உள்ளதைப் போட்டால் உங்கள் மூச்சு வடிகட்டப்படாமல் புண்ணின் மேல் போகும். நகர்த்தக்கூடிய ஹெப்பா யூனிட் ஒன்றை நோயாளியின் தலைமாட்டில் வையுங்கள்; அது காற்றை விடும் பக்கம் மேசையைப் பார்க்கக் கூடாது.

உங்கள் அறையின் கொள்ளளவு 3,600 கன அடி. 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 400 கன அடி) ஹெப்பா யூனிட் மணிக்கு 24,000 கன அடி இழுக்கும். அதாவது ஏறக்குறைய 6.7 முறை காற்று மாறும். அந்தக் கணக்கில், நோயாளியின் மூச்சுக்குழாயிலிருந்து டியூப் எடுத்தபின் கிருமி 99 சதவீதம் நீங்க 41 நிமிடம் ஆகும். மூலையில் காற்று தேங்கும் என்பதால் ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூட்டித் துடைக்கச் சொல்லுங்கள். ஃபார்மலின் புகை போட்டுவிட்டோமே என்று சிலர் இந்த நேரத்தைக் குறைக்கிறார்கள். புகை போடுவது காற்றோட்டத்துக்கு மாற்றே அல்ல. போதாததற்கு, அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

நிரந்தர ஏற்பாட்டுக்கு மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும். அதில் 4 முறை புதுக்காற்று. உங்கள் அறைக்கு 1,200 சி.எஃப்.எம்., அதில் 240 வெளிக்காற்று. காற்று மேசைக்கு நேர் மேலே ஹெப்பா வழியாக இறங்கி, தரையை ஒட்டி மூலைகளில் உள்ள ரிட்டர்ன் திறப்புகள் வழியாக ஏ.எச்.யு.வுக்குத் திரும்ப வேண்டும். இந்த அளவு வந்துவிட்டால் 99 சதவீதக் கணக்கு 14 நிமிடத்துக்கு இறங்கிவிடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது காற்றைத் தள்ளும் புளோயரில். பழைய புளோயரிலேயே ஹெப்பாவை மாட்டிவிடுவார்கள். புது ஹெப்பாவே 250 பாஸ்கல் வரை தடுக்கும், அழுக்கானால் இரட்டிப்பாகும். அந்தத் தடையைத் தாண்டித் தள்ள முடியாமல் காற்று பாதியாகிவிடும், குளிர்ச்சி மட்டும் வந்துகொண்டிருக்கும்; யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் ஹெப்பாவின் இருபுறமும் அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மேக்னஹெலிக் கேஜ் மாட்டித் தினமும் குறித்து வையுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமலிருக்க, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் நன்றாகக் குளிர்வித்து ஈரத்தை இறக்கி, பிறகு ஹீட்டரில் லேசாகச் சூடேற்ற வேண்டும். இரவில் முழுக்க நிறுத்தாதீர்கள். காயிலில் நிற்கும் நீரின் ஈரம் காற்றுக் குழாயான டக்ட் முழுக்கப் பரவும். வேகத்தைக் குறைத்து ஓடவிடுங்கள்.

காற்று எடுக்கும் வாய் ஜெனரேட்டர், கழிப்பறைக் குழாய், அக்கம்பக்கத்து ரப்பர் ஷீட் புகைக்கூடம் எதையும் பார்க்காத திசையில் உயரமாக இருக்கட்டும். குளச்சல் போன்ற கடலோரத்தில் இதே வேலையைச் செய்பவர்கள் காயில் துடுப்புகளுக்கு எபாக்சி பூச்சு கேளுங்கள். வெறும் அலுமினியத்தை உப்புக்காற்று அரித்துவிடும்.

கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணை கொடுக்குமுன் மீண்டும் அந்த ஊதுபத்தியை எடுங்கள். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு முன்னறைக்குள் நின்று பிடித்தால், தியேட்டர் கதவிடுக்கிலும் வராந்தாக் கதவிடுக்கிலும் புகை உங்களை நோக்கியே வளைய வேண்டும்.