30 வருடம் கழித்து மேடை ஏறலாமா?

கேள்வி: எனக்கு 56 வயது. கல்லூரி நாட்களில் நவீன நாடகங்களில் நடித்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். அப்புறம் வங்கி வேலை. கடைசி வருடங்களில் பென்ஷன் கவுண்டரில் இருந்தேன். போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கினேன். இப்போது பழைய நண்பர் ஒருவர் தன் குழுவின் நாடகத்தில் பாட்டி வேடத்துக்குக் கூப்பிடுகிறார். ஒன்றரை மணி நேர நாடகம், பெரும்பகுதி நான்தான் பேச வேண்டும். "இந்த வயசுல எதுக்கும்மா? நடுவுல மறந்துட்டா அசிங்கம்" என்கிறாள் மகள். சமீபத்தில் 'தி கிரேட் எஸ்கேப்பர்' படம் பார்த்தேன். மைக்கேல் கெய்னுக்கு மனைவியாக வரும் கிளெண்டா ஜாக்சன், இருபது வருடத்துக்கு மேல் நடிப்பையே விட்டிருந்தவர் என்று படித்தேன். உண்மையா? அப்படி விட்டது திரும்பவும் வருமா?
- பெயர் வேண்டாம், மதுரை

அன்புத் தோழிக்கு,

உண்மைதான். 1992-ல் நடிப்பை விட்டவர் லண்டனின் ஓல்ட் விக் அரங்கில் மறுபடி ஏறியது 2016-ல். அப்போது வயது 80. அதுவும் ஓரமாக வந்து போகிற வேடமில்லை. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற நாடகத்தில் கத்தி, அழுது, புயலில் அலைந்து, கடைசியில் செத்துப்போன மகளைப் பார்த்துப் புலம்ப வேண்டிய பாத்திரம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளெண்டா ஜாக்சன் நடிப்பை விட்டது அவராகவே எடுத்த முடிவு. உங்களையோ மற்றவர்கள் விட்டுவிட வைத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது 'திரும்ப வருமா' என்பதை. அதற்கு அவர் வாழ்க்கையில் நிறையவே பதில் இருக்கிறது.

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பிர்கன்ஹெட்டில் 1936-ல் பிறந்தவர். அப்பா கொத்தனார். நான்கு பெண்களில் இவர்தான் மூத்தவர். பள்ளி முடித்ததும் பூட்ஸ் மருந்துக்கடையில் இரண்டு வருடம் கவுண்டரில் நின்றார். உள்ளூரில் பொழுதுபோக்காக நடித்துக்கொண்டிருந்தவருக்கு லண்டனின் ராடா நாடகப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கேயும் யாரும் ஆகா ஓகோ என்று கொண்டாடவில்லை. 40 வயதுக்கு முன்னால் பெரிதாக வேலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அடுத்த சில வருடங்கள் சின்ன ஊர் நாடகக் குழுக்களிலும், இடையிடையே வேலையே இல்லாமலும் போயின. 1964-ல் பீட்டர் புரூக்கின் இயக்கத்தில் 'மாரா/சாத்' நாடகத்தில், பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மாராவைக் கொன்ற சார்லட் கோர்டே வேடம் கிடைத்தபோதுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. பிறகு 'விமன் இன் லவ்', 'எ டச் ஆஃப் கிளாஸ்' படங்களுக்காக இரண்டு ஆஸ்கர். இரண்டையும் 40 வயதுக்குள்ளேயே வாங்கிவிட்டார்.

எனக்கு ஆஸ்கரைவிட 1971-ல் பிபிசியில் வந்த 'எலிசபெத் ஆர்' தொடர்தான் பெரிது. முதலாம் எலிசபெத் ராணியை இளம்பெண்ணிலிருந்து கிழவி வரை ஆறு பகுதிகளில் நடித்தார். ராணியின் ஓவியங்களில் நெற்றி அகலமாக, முடி பின்தள்ளி இருக்கும். அதற்காகத் தன் முன்னந்தலையையே மழித்துக்கொண்டார். தான் நன்றாகத் தெரிகிறோமா என்ற கவலையே இல்லாத முகம் அது. முடிந்தால் தேடிப் பாருங்கள். கடைசிப் பகுதியில் பூச்சு அப்பிய முகத்தோடு அவர் நிற்பதை நடிக்கப்போகிற எவரும் பார்க்க வேண்டும்.

இத்தனை உயரத்தில் இருந்தவர் பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் ஆட்சியின் போக்கு பொறுக்காமல், 1992 தேர்தலில் தொழிற்கட்சி சார்பில் ஹாம்ப்ஸ்டட் அண்ட் ஹைகேட் தொகுதியில் நின்று ஜெயித்தார். 23 வருடம் எம்.பி. இடையில் போக்குவரத்துத் துறையில் இளநிலை அமைச்சர். 2010-ல் வெறும் 42 வாக்கில் தப்பித்தார். 'ஒரு படம் மட்டும்' என்றுகூட நடிக்கப் போகவில்லை. தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்த வேலையை அவர் முழுநேர வேலையாகவே எடுத்துக்கொண்டார். 2015-ல், 78 வயதில், விலகினார்.

இங்கேதான் உங்களுக்கான விஷயம் வருகிறது. ஆண் மன்னனை ஒரு பெண் எப்படி நடிப்பது என்று எல்லோரும் கேட்டார்கள். எம்.பி.யாக முதியோர் இல்லங்களுக்குப் போய்வந்த அனுபவத்திலிருந்துதான் அவர் பதில் சொன்னார். வயது ஏற ஏற ஆண், பெண் என்கிற கோடு மங்கிக்கொண்டே போவதை அங்கே கண்ணால் பார்த்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மேடையை விட்டு விலகியிருந்த வருடங்கள்தான் லியருக்கான வழியைக் காட்டின.

நீங்கள் பென்ஷன் கவுண்டரில் இருந்தவர். நவம்பர் மாதம் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வரும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கை நடுங்கி, பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகாமல், "நான்தாம்மா, நானேதான்" என்று கெஞ்சுகிற பெரியவரை இருபத்தாறு வயதில் உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும். பாட்டி வேடத்துக்கு உங்களைக் கூப்பிட்ட நண்பர் விவரமானவர் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, மறந்துவிட்டால்? இந்தப் பயம் நியாயமானது, அதை ஊதித் தள்ள மாட்டேன். கிளெண்டாவும் வீட்டிலிருந்து நேராக லியருக்குத் தாவவில்லை. 2015-ல் பிபிசி வானொலியில், பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலாவின் நாவல்களை வைத்துச் செய்த தொடரில் 104 வயதுக் கிழவியாகக் குரல் கொடுத்தார். கையில் பிரதியை வைத்துக்கொண்டு படிக்கிற வேலை. மேடைக்கு வந்தது அடுத்த வருடம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதல் சில வாரம் உட்கார்ந்து படிக்கிற ஒத்திகை மட்டும் போதும் என்று நண்பரிடம் சொல்லுங்கள். அப்புறம் நடந்துகொண்டே பாடம் பண்ணுங்கள். எந்த வரியில் எழுந்தோம், எந்த வரியில் சொம்பைக் கீழே வைத்தோம் என்று உடம்போடு சேர்ந்த வசனம் லேசில் நழுவாது. பக்கவாட்டில் நின்று எடுத்துக்கொடுக்க ஒரு ஆளைக் கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. தினமும் காலையில் கொஞ்ச நேரம் உரக்கப் படியுங்கள். குரலும் பழக்கத்தில்தான் திரும்பும்.

மகளிடம் கோபப்படாதீர்கள், அம்மா நாலு பேர் முன்னால் சங்கடப்படக் கூடாதே என்ற பதற்றம்தான் அது. ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்து 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' படத்தைப் போட்டுக் காட்டுங்கள். நினைவு நழுவிக்கொண்டே போகும் மோட் என்ற பெண்ணாக 83 வயதில் கிளெண்டா நடித்தார், பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கினார். மறதியை நடிக்க அத்தனை வசனத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது அவருக்கு. அதற்கு முன்பே, 2018-ல், நியூயார்க்கில் 'த்ரீ டால் விமன்' நாடகத்துக்காக 82 வயதில் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதும் வாங்கியிருந்தார். நீங்கள் பார்த்த படம்தான் கடைசி. அது வெளிவந்தது 2023 அக்டோபரில், அவர் இறந்தது அந்த வருடம் ஜூனில், 87 வயதில்.

இனி நண்பருக்கு போன் செய்யுங்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் முழுப் பிரதியையும் வாங்கிப் படியுங்கள். பெண்களுக்கு நல்ல வேடம் எழுத ஆளில்லை என்று கிளெண்டா ஜாக்சன் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் பாட்டிக்கு ஆசை, கோபம், பிடிவாதம் ஏதாவது இருக்கிறதா, அல்லது பிள்ளைகளை நினைத்து மூக்கைச் சிந்துவதற்கு மட்டும் வருகிறாளா என்று பாருங்கள். இரண்டாவது ரகம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறு நாடகம் கேளுங்கள்.