பாட்டை அழித்தும் பிளேயரில் இடம் வரவில்லையா?

கோபிக்கார அண்ணா, 8 ஜிபி பிளேயரில் பாதிப் பாட்டை அழித்தும் 'மெமரி ஃபுல்' என்றே காட்டுவதாகக் கேட்டிருந்தீர்கள். மேக் கணினியில் அழித்தேன் என்கிறீர்கள், காரணம் அதுதாங்க. அழித்ததெல்லாம் பிளேயருக்குள்ளேயே மறைவான ஒரு ஃபோல்டரில் கிடக்கும். பிளேயரைச் சொருகி வைத்தபடியே மேக்கின் குப்பைத்தொட்டியான ட்ராஷைக் காலி செய்யுங்கள். கழற்றிவிட்டுச் செய்தால் பலனில்லை.

அப்புறம், பிளேயரில் நீங்கள் வைத்திருக்கும் வள்ளி கும்மிப் (கொங்குப் பக்கத்து நாட்டுப்புற ஆட்டப்பாட்டு) பதிவுகள். சுருக்காத சிடி தரத்து வேவ் (WAV) கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி தின்னும். அரை மணி நேரக் கும்மிக்கே 300 எம்பி போச்சு. அதையே சுருக்கி 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் நிமிடத்துக்கு 1 எம்பிதான் ஆகும். ஆனால் மூலப் பதிவைக் கணினியில் பத்திரப்படுத்திவிட்டு மாற்றுங்கள். கும்மி வாத்தியார் அன்றைக்குப் பாடியதை மறுபடி அப்படியே பிடிக்க முடியாது. பிளேயரில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும் ஃபார்மட் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.