கால் உடைந்த டிவியை எப்படி நிற்க வைப்பது?

கேள்வி: வாடகை வீடு மாறும்போது எங்கள் 43 அங்குல எல்இடி டிவியின் இரண்டு கால்களில் ஒன்று முறிந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் அந்தக் கால் ஸ்டாக் இல்லை என்கிறார்கள். சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலை ஒட்டிப் பயன்படுத்தலாமா, வேறு ஸ்டாண்டு மாட்ட முடியுமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: ஒட்டாதீர்கள். ஃபெவிக்விக், எம்-சீல் எதுவும் வேண்டாம். டிவி அசையாமல் நிற்கும்வரை ஒட்டிய கால் தாங்கிவிடும். ஆனால் திரையைத் துடைக்கும்போதும் பின்னால் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போதும் டிவி முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் மொத்தமும் கால் டிவியோடு சேரும் கழுத்துப் பகுதியில்தான் இறங்கும். கால்கள் பெரும்பாலும் முறிவதும் அங்கேதான். டிவி சரிந்து பேனல், அதாவது படம் தெரியும் திரை, போனால், அதை மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும். குழந்தை இருக்கும் வீட்டில் பேனலைவிடப் பெரிய கவலையும் உண்டு.

அதே கால்தான் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. டிவியின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை குறித்துக்கொண்டு, உங்கள் ஊரில் டிவி ரிப்பேர் செய்பவரிடம் கேளுங்கள். பேனல் உடைந்து கழித்த செட்டுகளின் கால்களைப் பலர் எடுத்து வைத்திருப்பார்கள். சென்னை என்றால் ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றலாம். ஒரே கம்பெனி, ஒரே அங்குலம் என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மாடல் மாறினால் காலின் வடிவமும் ஸ்க்ரூ துளையும் மாறும். இடது காலும் வலது காலும்கூட ஒன்றல்ல.

நானாக இருந்தால் அந்தத் தேடலில் இறங்க மாட்டேன். டிவியின் முதுகில் நான்கு துளைகள் இருக்கும், பாருங்கள். சுவரில் மாட்டுவதற்காகக் கொடுத்தவை அவை. அவற்றின் இடைவெளிக்கு வெசா என்று ஒரு பொது அளவு இருப்பதால் கம்பெனி எதுவானாலும் பிரச்சினை இல்லை. இதே துளைகளில் பொருந்தும் டேபிள் டாப் ஸ்டாண்டுகள் தனியாக விற்கின்றன: கீழே அகலமான கண்ணாடி அல்லது இரும்புத் தட்டு, நடுவில் தூண், மேலே இரண்டு பட்டை. சுவரைத் தொடவே வேண்டாம்.

வாங்கும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. 43 அங்குல டிவியில் 200-க்கு 200 மில்லிமீட்டர் அடிக்கடி வரும். 100-க்கு 100, 200-க்கு 100 என்றும் இருக்கலாம். ஸ்டாண்டின் அட்டைப்பெட்டியில் உங்கள் அளவும், அது தாங்கும் எடையும் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டு உங்கள் மேசையின் ஆழத்துக்குள் முழுதாக உட்கார வேண்டும், விளிம்பில் தொங்கக் கூடாது.

காலைக் கழற்றும்போது டிவியைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். பலரும் மெத்தை மேல் வைப்பார்கள். ஃபோம் மெத்தை அமுங்கி, மெல்லிய பேனல் வளையும். தரையில் பாய் விரித்து, மேலே மடித்த போர்வை போடுவது நல்லது. போர்வையில் பட்டன், ஜிப் இல்லையே? சரி. எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு, இருவராக ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள். திரையின் நடுவில் விரல் படக் கூடாது. உடைந்தது, உடையாதது இரண்டு காலையும் கழற்றிவிடுங்கள். பின்மூடியைத் திறக்கும் வேலை இதில் இல்லை. நல்ல காலை ஸ்க்ரூவோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள், டிவியை விற்கும்போது உதவும்.

அப்புறம் போல்ட். சொதப்பல் அதிகம் நடக்கும் இடம் இது. ஸ்டாண்டோடு எம்4, எம்6, எம்8 என்று ஒரு பை நிறைய வரும்; அந்த எண் போல்டின் தடிமன், மில்லிமீட்டரில். உங்கள் டிவிக்கான தடிமனும் நீளமும் டிவியின் கையேட்டில் இருக்கும். கையேடு தொலைந்துவிட்டால், ஓர் ஈர்க்குச்சியைத் துளைக்குள் விட்டு, தட்டும் இடத்தில் நகத்தால் குறித்து ஆழத்தை அளக்கலாம். அதோடு பட்டை, வாஷரின் தடிமனைக் கூட்டி, ஓரிரு மில்லிமீட்டர் குறைத்தால் போல்டின் நீளம் கிடைத்துவிடும். குச்சி எங்கும் தட்டாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது: துளை உள்ளே திறந்திருக்கிறது, நீளமான போல்ட் சர்க்யூட் போர்டையோ பேனலையோ குத்திவிடும். அப்போது கம்பெனியின் வலைதளத்தில் கையேட்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். நான்கையும் முதலில் கையால் தளர்வாக ஏற்றி, பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். பவர் டிரில் வைத்து இறுக்க வேண்டாம், மரை போய்விடும்.

தூணில் உயரம் மாற்ற வசதி இருந்தால் கடைசித் துளையில், அதாவது தாழ்வாக வையுங்கள். குழந்தை ஒரு நாள் மேசையைப் பிடித்து எழுந்து நிற்கத்தான் போகிறது. மேசையைச் சுவரை ஒட்டித் தள்ளி, டிவி கவிழாமல் பிடிக்கும் நாடாவை டிவியின் பின்புறத்திலிருந்து மேசையின் பின்கட்டையில் ஸ்க்ரூ போட்டுக் கட்டுங்கள். மேசை கனமானதாக இருந்தால்தான் இதற்குப் பலன்; இலேசான பிளாஸ்டிக் மேசை டிவியோடு சேர்ந்தே சாயும். தொங்கும் ஒயர்களையும் பின்பக்கம் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

சொந்த வீடு போனாலோ, வீட்டுக்காரர் மனம் மாறினாலோ, அதே நான்கு துளைகளில் சாதாரண வால் மவுண்ட் மாட்டிக்கொள்ளலாம். துளை போட வருபவரிடம் சுவர் செங்கல்லா, காங்கிரீட்டா, ஹாலோ பிளாக்கா என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்க்ரூ பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக்கை அதற்கேற்றபடி கொண்டுவருவார்.