தூண்டில்காரருக்கு டைரி எதற்கு?

அன்புள்ள அண்ணா,

ஞாயிறு விடிந்தால் தூண்டிலோடு, பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில் நிற்பேன். ரெண்டு வருஷமாக டைரியும் எழுதுகிறேன். ‘காலை 6 மணி, இறால், செம்பல்லி ரெண்டு’ என்ற மாதிரி. கிடைக்கும் மீன் ஒன்றும் கூடவில்லை. கூட வரும் நண்பர், நம் கடற்கரையில் யார் எழுதிவைத்து மீன் பிடிக்கிறார்கள் என்று கேட்கிறார். டைரியால் பிரயோஜனம் உண்டா? உண்டென்றால் நோட்டில் எழுதுவதா, போனிலா?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள தம்பிக்கு,

பிரயோஜனம் நிச்சயம் உண்டு. உங்களுக்கு அது இன்னும் கிடைக்காததற்குக் காரணம் அந்த ‘காலை 6 மணி’ என்று நினைக்கிறேன்.

ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணிநேரம். நம் கடலில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றுக்கும் இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த ஞாயிறு ஆறு மணிக்குத் தண்ணீர் நிறைந்து நின்றால், அடுத்த ஞாயிறு அதே ஆறு மணிக்கு அநேகமாக வற்றிக் கிடக்கும். அது மட்டுமில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும், அஷ்டமியை ஒட்டிச் சோர்ந்துவிடும். வாரம் ஒருமுறை போகிற உங்களுக்கு இவை மாறி மாறித்தான் வரும். ஆக ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு தண்ணீரை டைரியில் ஒரே வரியாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கடிகார நேரத்தோடு, ஓதம் ஏறத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆனது அல்லது வற்றத் தொடங்கி எவ்வளவு நேரம் என்பதையும், அன்றைய திதியையும் எழுதுங்கள். திதி வீட்டுக் காலண்டரிலேயே இருக்கிறது.

அடுத்தது பொழி. திறந்திருக்கிறதா, மண் மூடிக் கிடக்கிறதா? மூடிய பொழியில் கடல் உள்ளே வருவதில்லை, அப்போது ஓதக் கணக்கெல்லாம் செல்லாது. ஐப்பசி மழையில் பழையாறு கலங்கி வரும்போது நிலைமை வேறு. ஆற்றுத் தண்ணீர் மேலே ஓடும். உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் நுழைந்து உள்ளே ஏறும். மேலே கலங்கலைப் பார்த்துவிட்டு இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அதே நாளில் ஈயம் கட்டி அடியில் இறக்கினால் கொத்தலாம். அதனால் இரை என்ன என்பதோடு, அது எந்த ஆழத்தில் கிடந்தது என்பதும் வேண்டும்.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “ஐப்பசி, மழை விட்டு ரெண்டாம் நாள். சப்தமி. பொழி திறந்திருக்கு. தண்ணி டீ நிறம். ஏற்றம் தொடங்கி ஒரு மணிநேரம். உயிர் இறால், அடியில். மூணு மணிநேரம் நின்றேன். கொத்தவே இல்லை. எதிர்க்கரையில் வீச்சுவலைக்கு மடவை.”

வெறுங்கையோடு வந்த நாளின் பக்கம் அது. உங்கள் கடிதத்தில் இருக்கும் மாதிரி வரியில் மீன் இருக்கிறது. மீன் இல்லாத ஞாயிறுகளை எழுதுகிறீர்களா? எழுதாவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. பௌர்ணமிக்குப் பத்து மீன் என்று டைரி சொல்லும், ஆனால் பௌர்ணமியை ஒட்டி எத்தனை ஞாயிறு வெறுங்கையோடு வந்தீர்கள் என்று சொல்லாது. எத்தனை மணிநேரம் நின்றீர்கள் என்பதும் அதே காரணத்துக்காக அவசியம். அரைமணியில் ரெண்டு செம்பல்லியும் நாலு மணிநேரத்தில் ரெண்டு செம்பல்லியும் ஒன்றாகாது.

நண்பர் கேட்டதும் நியாயமான கேள்விதான். நம் கடலோடிகள் எழுதுவதில்லை. மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத பாரின், அதாவது கடலடிப் பாறையின், மேல் கட்டுமரத்தை நிறுத்துகிற கணியம் முழுக்க மனசில்தான் இருக்கிறது. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் அன்றாடம் கடலில் இருப்பவர்கள், அப்பனும் பாட்டனும் பார்த்ததும் அவர்களிடம் சேர்ந்திருக்கிறது. வாரத்தில் ஒரு காலை மட்டும் தண்ணீரைப் பார்க்கிற நமக்கு அந்தப் பழக்கம் வராது. நம் ஞாபகம் பெரிய மீனை வைத்துக்கொண்டு வெறும் நாளை விட்டுவிடும். அதற்குத்தான் நோட்டு.

அப்புறம், எழுதினால் போதாது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, போன வருஷம் இதே மாதத்துப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஆனியும் ஆடியும் ஒரு கடல், கார்த்திகை இன்னொரு கடல். ரெண்டு நல்ல நாளை வைத்து விதி எழுதிவிடவும் வேண்டாம். ஒரே மாதிரித் தண்ணீர் பலமுறை ஒரே பதிலைச் சொல்லட்டும்.

அலையைக் காற்றோடு சேர்க்காமல் தனியாகக் குறியுங்கள். கள்ளக்கடல் என்கிற திடீர்ப் பேரலை எங்கோ தெற்கே தூரத்தில் அடித்த காற்றில் பிறந்து வரும், இங்கே இலைகூட அசையாது. எச்சரிக்கை வந்த நாளில் பொழிமுகத்துக்கும் பாறைக்கும் போகவே கூடாது, மீன் எவ்வளவு நின்றாலும் சரி.

நோட்டா போனா என்றால், கரையில் போன். ஈரக்கையோடு எழுத முடியாது, தண்ணீரின் நிறத்துக்கு ஒரு படம் எடுத்து, மற்றதைப் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அன்று ராத்திரியே நோட்டில் ஏற்றிவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் முதலில் விட்டுப்போவது மீன் கொத்தாத மணிநேரங்கள்தான்.

அன்புடன்.