வாசகர் கேள்வி – பதில்: மைனரின் தேய்ந்த புஷ்கள்

கேள்வி: தந்தையார் விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 காரை இன்றும் ஓட்டி வருகிறேன். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் ‘டக்’ என்று ஓசை எழுந்து வண்டி இடப்புறம் இழுக்கிறது. குழிகளில் இறங்கி ஏறும்போது பின்பக்கம் கிறீச்சிடுகிறது. எல்லாப் புஷ்களையும் மாற்ற வேண்டும் என்கிறார் கராஜ் பாஸ். என்னிடம் ஒரு ஸ்பானர் செட்டும் ஒரு வைஸும் உள்ளன. வீட்டிலேயே இவ்வேலையைச் செய்ய இயலுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: பெரும்பகுதியைச் செய்யலாம். புஷ் என்பது இரண்டு இரும்புப் பாகங்கள் இணையுமிடத்தில் அதிர்வைத் தாங்கும் இறப்பர் உறை. ஆயினும், எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிப் பரப்பிவிட வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் இரண்டு ஓசைகளும் வெவ்வேறு இடங்களில் பிறப்பவை.

பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தின் கீழ்க்கரம் சக்கரத்தோடு சேர்ந்து பின்னுக்கு இழுபடாதிருப்பதற்காக, அக்கரத்திலிருந்து முன்னோக்கி ஓர் இரும்புத் தண்டு சென்று வண்டியின் சட்டத்தில் இணைகிறது. டை பார் எனப்படும் இத்தண்டின் முனை, இரண்டு இறப்பர் புஷ்களுக்கு நடுவே நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். இறப்பர் நைந்துவிட்டால், மிதித்த கணத்தில் சக்கரம் சற்றே பின்வாங்குகிறது; அதுதான் உங்கள் ‘டக்’. மலையிறக்கத்தில் ஓடும் காரில் இந்தப் புஷ்கள் சமவெளிக் காரைவிட விரைவாகத் தேய்வதில் வியப்பில்லை. ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, இன்னொருவர் காரை முன்னும் பின்னும் தள்ள, மூன்றாமவர் குனிந்து தண்டின் முனையைப் பார்த்தால் அசைவு கண்ணுக்கே தெரியும். இடப்புறம் இழுப்பதற்குப் பிரேக் ஷூக்களின் சமமின்மையும் காரணமாகலாம் என்பதால், புதிய புஷ் வாங்குமுன் இருபுறத்து ஷூக்களையும் சரிசெய்து பாருங்கள்.

டை பார் புஷ்களை மாற்றுவது அரைநாள் வேலை. அதற்கு மேல் முன்பக்கத்தில் கை வைக்கும்போதுதான் எச்சரிக்கை தேவை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இக்காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுகி எடையைத் தாங்கும் நீண்ட உருக்குத் தண்டு, அதாவது டோர்ஷன் பார், கீழ்க்கரத்தோடு பிணைந்திருக்கிறது. கீழ்க்கரத்தின் உட்புறத்திலுள்ள புஷ்ஷை எடுப்பதற்கு அந்த முறுக்கைக் கட்டுப்பாட்டோடு தளர்த்த வேண்டும். அறியாமல் கழற்றினால் கரம் சட்டென்று அறைந்து எலும்பை முறித்துவிடும். ஆகவே, அந்த ஒரு புஷ்ஷை மட்டும் அனுபவமுள்ள பாஸ் ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

இனிப் பின்பக்கம். முதற்கண், சமதளம் தேடுங்கள். நம் ஊர்களில் வீட்டு முற்றமே சரிவாக இருப்பதால் இது எளிதல்ல. கொழுந்து லொறி நிற்கும் தொழிற்சாலைத் தளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் கேட்டுப் பெறுவது நல்லது. மைனரின் கைப்பிரேக்கும் கியரும் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். பின்பக்கத்தைத் தூக்கிய நொடியிலிருந்து கார் எந்தத் தடையுமின்றி உருளக்கூடியது. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்த பின்னரே ஜெக்கைத் தொடுங்கள். தாங்குவதற்குச் செங்கல்லும் சீமெந்துக் கல்லும் ஆகா, அவை முன்னறிவிப்பின்றி உடையும். உரிய ஸ்டாண்ட் கிடைக்காவிட்டால், துண்டாக அறுத்த சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, துருவேறாத குறுக்குச் சட்டத்தின் கீழ் வையுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடங்குங்கள்.

பட்டை ஸ்பிரிங்கின் பின்முனையை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பான ஷெக்கிளில் அரைப் புஷ்கள் பக்கத்துக்கு நான்கு இருக்கும். ஸ்பிரிங்கில் எடையோ இழுவையோ இல்லாத நிலைக்கு அச்சை ஜெக்கால் ஏற்றி இறக்கிப் பொருத்தினால், நட்டுகளைக் கழற்றியதும் அவை கையோடு வந்துவிடும். முன்முனைப் புஷ்தான் பாடுபடுத்தும். வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே ஒரு குழல், இரண்டுக்கும் நடுவே அவற்றோடு ஒட்டிய இறப்பர் என்பது அதன் அமைப்பு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையில் ஓடிய கார்களில் போல்ட்டே உட்குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். இறப்பரை நெருப்பு வைத்து எரித்து எடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நச்சுப் புகை எழுவதோடு ஸ்பிரிங் பட்டையின் பதமும் கெடும் என்பதால் அதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். துளைக்கருவியால் இறப்பரைச் சிதைத்து உட்குழலை உருவி, வெளிக்குழலை மட்டும் ஹெக்ஸோ பிளேட்டால் ஓரிடத்தில் அறுத்து, உளியால் உட்புறமாக மடக்கினால் அது கழன்று வரும். புதிய புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காமல், நீண்ட போல்ட், தடித்த வோஷர்கள், பொருத்தமான குழாய்த்துண்டு ஆகியவற்றைக் கொண்டு மெல்ல இழுத்து ஏற்றுங்கள்; விசை வெளிக்குழலின் விளிம்பில் விழ வேண்டும், இறப்பரில் அன்று. வழுக்குவதற்குச் சவர்க்கார நீர் போதும்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசி நட்டில் கெடுத்துக்கொள்பவர்கள் பலர். இத்தகைய புஷ் தன் இடத்தில் சுழல்வதில்லை. நட்டை இறுக்கியதும் உட்குழல் அசையாமல் பிடிபட்டுவிட, ஸ்பிரிங் ஆடும்போதெல்லாம் இறப்பர்தான் முறுகி மீள்கிறது. கார் அந்தரத்தில் இருக்க, ஸ்பிரிங் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கிய உடனேயே இறப்பர் ஒருபுறமாக முறுகிய நிலையில் நின்றுவிடும். பின்னர் ஒவ்வொரு குழியும் அந்த முறுக்கின் மேல் முறுக்காக ஏறி, புதிய புஷ் சில மாதங்களிலேயே கிழியும். ‘கடைக்காரர் மட்டமான சாமான் கொடுத்துவிட்டார்’ என்று என்னிடம் முறையிட்ட பலரின் புஷ்கள் இப்படித்தான் கிழிந்திருந்தன. நட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, காரைச் சக்கரங்களின் மேல் இறக்கி, சற்று முன்பின்னாக உருட்டி, பின்பக்கத்தை நாலைந்து முறை அழுத்திவிட்டு, அந்த நிலையிலேயே முழுதாக இறுக்குங்கள். நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இறப்பருக்குப் பதிலாகப் பொலியுரேத்தேன் புஷ் போட்டால் ஆயுளுக்கும் போதும் என்கிறார்களே?
– வாசகர், பண்டாரவளை

பதில்: எண்ணெய் பட்டாலும் அது ஊறிக் கெடுவதில்லை என்பது உண்மை. ஆனால் அது கடினமானது. அதற்குரிய கிறீஸ் இல்லாவிட்டால் சத்தமிடும். குழியின் அதிர்ச்சியை நேராகக் காரின் உடலுக்குக் கடத்தும். அறுபது ஆண்டு கடந்த மைனரில் ஸ்பிரிங் பொருந்துமிடம்தான் பெரும்பாலும் துருவேறியிருக்கும். தோட்டத்துப் பாதையில் ஓடும் காரின் பின்பக்கத்துக்கு நான் இறப்பரையே போடுவேன். டை பாருக்கு வேண்டுமானால் பொலியுரேத்தேன் இருக்கட்டும்.

இறப்பரின் உண்மையான எதிரி நம் பழக்கம்தான். மழைக்காலத்துக்கு முன் துருவுக்குப் பயந்து காரின் அடிப்பகுதியெங்கும் பழைய என்ஜின் ஒயிலை அடிக்கிறோம். துரு தடைப்படலாம், புஷ்கள் ஊதிப் பிசுபிசுத்துவிடும். கிறீச்சிடும் புஷ்ஷுக்கு ஒயில் விடுவதும் அப்படியே. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் புஷ் வாங்கும்போது, ஆண்டுக்கணக்கில் கிடந்த சரக்கா என்பதை வளைத்துப் பார்த்து, மயிரிழை வெடிப்புகள் உண்டா எனக் கவனியுங்கள்.

கேள்வி: புஷ்களெல்லாம் புதியவை. ஆனாலும் முன்சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறது.
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: உங்களுக்கு உடனே பதில் சொல்ல வேண்டும். கீழ்க்கரத்தின் அடியில் ஜெக் வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்; ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போதும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் அது பெரும்பாலும் பெயரிங் அல்ல, ட்ரனியன். சக்கரத்தைத் திருப்பும் தூணின் மரையில் ஏறியுள்ள இந்தப் பாகத்தின் தேய்வு இறப்பர் புஷ்ஷைச் சார்ந்ததல்ல. கிறீஸ் இன்றி மரை தேய்ந்தால், கீழுள்ளது கழன்று, ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். மைனருக்கு உலகெங்கும் பேர்போன குறை இது. மாற்றும்வரை அந்தக் காரைப் பெரகல இறக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மாற்றிய பின், பக்கத்துக்கு மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு நிப்பிள்களிலும் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய நிலையில் ஏற்றினால்தான் அது மரைக்குள் சரியாகப் புகும்.