கேள்வி–பதில்: மூடுபனியில் கட்டரை எங்கே நிறுத்துவது?

கேள்வி (குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றின் தாழ்வாரத்தில் நண்பர்களுடன் குறும்படம் எடுத்து வருகிறேன். சி ஸ்டாண்ட் என்ற மூன்று கால் தாங்கியின் ஆர்மில் (பக்கவாட்டில் நீளும் கம்பியில்) கட்டரை, அதாவது ஒளியை மறைக்கும் கறுப்புத் துணிச் சட்டத்தைப் பூட்டி, நடிகைக்கு அருகே நீட்டி, அவருக்குப் பின்னாலுள்ள சுவரில் விழுந்த வெளிச்சத்தை மறைத்தோம். மாலையில் மூடுபனி இறங்கியதும், விளக்கிலிருந்து கட்டர் வரை காற்றில் ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. எங்கே தவறினோம்?

பதில்: சமவெளியில் இதைத் தவறென்று யாரும் சொல்லமாட்டார்கள். வறண்ட காற்றில் ஒளி செல்லும் பாதை கண்ணுக்குத் தெரியாது என்பதால், சுவரையும் முகத்தையும் மட்டும் கவனித்தால் போதும். மூடுபனியிலோ ஒவ்வொரு நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிப்பதால், கட்டர் தடுப்பதற்கு முன்பு ஒளி கடந்து வந்த தூரம் முழுவதும் படத்தில் பதிந்துவிடுகிறது. ஆகவே மலையில், பனி இறங்கும் நேரத்தில், கட்டர் விளக்கின் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்படி நிறுத்தினால் நிழலின் ஓரம் குழைந்துவிடுமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விளக்குக்கும் முகத்துக்கும் இடையே 12 அடி என்றும், விளக்கின் முன் 2 அடி அகல வெள்ளைத் துணி இருக்கிறது என்றும் கொள்வோம். கட்டர் முகத்திலிருந்து 3 அடியில் நின்றால் நிழலோரம் சுமார் 8 அங்குல அகலத்தில் மங்கும். அதையே விளக்கிலிருந்து 3 அடிக்குக் கொண்டுபோனால் அந்த மங்கல் 6 அடியாக விரிந்து, வெட்டு, அதாவது தெளிவான நிழலோரம், என்று சொல்லவே எதுவும் மிஞ்சாது. துணியை எடுத்துவிட்டு 6 அங்குல லென்ஸ் உள்ள சிறிய விளக்கை வைத்தால், அதே இடத்தில் மங்கல் ஒன்றரை அடிக்குள் அடங்கும். மென்மையான ஒளி வேண்டும் என்ற ஆசையைப் பனி நாள்களில் சற்றே விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். பனியே ஓரளவு மென்மையைத் தந்துவிடுகிறது என்பது என் அனுபவம். மிகவும் சூடாகும் டங்ஸ்டன் விளக்கானால் கட்டரின் துணி கருகாத தூரம் விடுங்கள். கட்டருக்குத் தனி ஸ்டாண்ட் வையுங்கள். விளக்கின் ஸ்டாண்டிலேயே ஆர்மைப் பூட்டினால், விளக்கைத் திருப்பும்போதெல்லாம் வெட்டும் நகர்ந்துவிடும்.

கேள்வி (கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்): சரிவான நிலத்தில் சி ஸ்டாண்ட் அடிக்கடி சாய்கிறது. ஆர்மும் மெதுவாகக் கீழே இறங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஆர்ம் இறங்குவதற்குப் பெரும்பாலும், அதைத் திருகால் இறுக்கிப் பிடிக்கும் கிரிப் ஹெட்டைத் தவறான பக்கம் திருப்பி வைத்திருப்பதே காரணம். ஆர்ம் நீளும் திசையை நோக்கி ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றால், திருகு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்போது கட்டரின் எடை கீழே இழுக்க இழுக்கத் திருகு தானாகவே இறுகும். இடப்பக்கம் இருந்தால் அதே எடை திருகைத் தளர்த்தும். கிரிப் ஹெட்டின் தட்டுகளில் பனி ஈரம் இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள்.

சரிவுக்கென்றே ஒரு கால் மட்டும் மேலும் கீழும் நழுவும் ஸ்டாண்ட் கிடைக்கிறது. வாடகைக்கு எடுக்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கால் மேட்டுப்பக்கம் இருக்கட்டும். ஆர்மும் அதே காலின் மேலாக மேட்டை நோக்கி நீளட்டும். மணல்மூட்டையையும் தரையில் உட்காராதபடி அதே காலில் தொங்கவிடுங்கள். பள்ளத்துப் பக்கம் ஆர்மை நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால், காட்சியையே மாற்றி அமைக்க முடியுமா என்று முதலில் யோசிப்பேன்.

காற்றைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2 அடிக்கு 3 அடி கட்டரின் மீது மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால், சுமார் 3 கிலோ எடைக்கு நிகரான விசை அதைத் தள்ளும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஏழடி உயரத்தில் அந்தத் தள்ளல் என்ன செய்யும் என்பதைத் தொட்டபெட்டாவுக்குக் கீழே ஒரு மேட்டில் நானே கண்டேன்: மூட்டை கட்டச் சோம்பியதால் ஸ்டாண்ட் விழுந்து, ஆர்மின் முனை என் தோளை உரசிச் சென்றது. அன்றிலிருந்து ஆர்மின் முனையில் பழைய டென்னிஸ் பந்தைக் கிழித்துச் செருகாமல் வேலை தொடங்குவதில்லை. முழுவதும் மறைக்கத் தேவையில்லாத இடத்தில் வலைக் கட்டரை வையுங்கள். காற்று அதன் ஊடே போய்விடும். ஒற்றை வலை அரை ஸ்டாப்பும், இரட்டை வலை ஒரு ஸ்டாப்பும் (அதாவது பாதியாக) ஒளியைக் குறைக்கும்.

கேள்வி (கொடைக்கானலிலிருந்து ஒரு திருமணப் புகைப்படக்காரர்): மடங்கும் மேஜிக் ஆர்ம் இருந்தால் சி ஸ்டாண்ட் தேவையில்லை அல்லவா?

பதில்: சிறிய எல்இடி விளக்கை ஜன்னல் சட்டத்தில் பொருத்த அது போதும், கட்டரை ஏந்த அது போதாது. ஒரே நெம்புகோல் அதன் மூன்று மூட்டுகளையும் பூட்டுவதால், தளர்த்தியதும் மூன்றும் ஒருசேரத் தொய்ந்துவிடும். ஆகவே ஒரு கை விளக்கைத் தாங்கிய பிறகே மறுகை நெம்புகோலைத் தொட வேண்டும். பழைய வீட்டுத் தேக்குச் சட்டமாக இருந்தால் கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர் துண்டு வைக்க மறக்காதீர்கள்.